இடிமழையைப் போனில் பிடிப்பது எப்படி: ரேடார் முதலில், கேமரா அப்புறம்

மழை கொட்ட ஆரம்பித்ததும் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அந்த நேரத்தில் மேலே பார்த்தால் ஒரே சாம்பல் நிறம், கேமராவில் விழுவதும் அதேதான், போதாக்குறைக்கு மின்னல் வெட்டும்போது மொட்டைமாடியைவிட மோசமான இடம் கிடையாது. நன்றாக வந்த இடிமழைப் படங்களில் பெரும்பாலானவை மழைக்கு வெளியே இருந்து எடுத்தவை. மேகம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதுதான் அடியிலிருந்து உச்சிவரை அதன் முழு உருவமும் தெரியும், வெயில் அதன் மேல் விழும், உங்கள் லென்ஸும் நனையாது, உயிருக்கும் ஆபத்தில்லை. அதனால் மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை, அதற்கு மழையை வரைபடத்தில் காட்டும் வானிலை ரேடார் இருக்கிறது, கேமரா செட்டிங்கெல்லாம் அப்புறம்.

உதாரணங்களுக்குச் சென்னையையும் வடதமிழகக் கடற்கரையையும் எடுத்துக்கொள்கிறேன். டெல்டாக்காரர்கள் காரைக்கால் ரேடாரையும், நெல்லை, குமரிப் பக்கம் இருப்பவர்கள் திருவனந்தபுரம் ரேடாரையும், கோவைக்காரர்கள் கொச்சி ரேடாரையும் வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த மாதம், எந்தத் திசை

மார்ச் கடைசியிலிருந்து மே வரை கோடை இடிமழை. பகலெல்லாம் தரை கொதித்து, மதியத்துக்கு மேல் வெப்பச்சலனத்தில் மேகம் கிளம்பும். மலையோரங்களில்தான் பெரும்பாலும் ஆரம்பம். உள்மாவட்டத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், கடற்கரை ஊர்களுக்கு அநேகமாக ஏமாற்றம். ஆனால் படம் எடுக்கிறவருக்கு அந்த ஏமாற்றமும் லாபம்தான், ஏனென்றால் பெரிய இடிமேகத்தின் உச்சி பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் போகும். வானம் தெளிவாக இருந்தால் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அது தெரியும். மே மாத ராத்திரியில் மேற்கே சத்தமே இல்லாமல் மினுக்கிக்கொண்டு இருக்கிறதே, அது இப்படி எங்கேயோ கொட்டுகிற மழைதான். இடிச்சத்தம் இருபது கிலோமீட்டரைத் தாண்டி வருவது அரிது. கேட்காத இடி, தெரிகிற மின்னல்: தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மழை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். இந்த நாலு மாதத்தில் நகரத்துக்குச் சராசரியாக 40 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது, அதில் பெரும்பகுதி சாயங்காலத்துக்கு மேல் வரும் இடிமழை. சித்தூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மேகம் கட்டும், மேலே வீசும் மேற்குக் காற்று அதைக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். என் கணக்கில் போனில் இடிமழை எடுக்கப் பழக இதுதான் ஆகச் சிறந்த பருவம், ஏனென்றால் திசை தெரியும், நேரம் ஓரளவு தெரியும், தயாராக இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாம் தலைகீழ். மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் ராத்திரியும் விடியற்காலையும், பத்து நிமிடம் அடித்துவிட்டு நின்றுவிடும், மறுபடி அடிக்கும். புயல் சீசனும் இதுதான். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

போனில் வைத்திருக்க வேண்டியவை

நிறைய ஆப் வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் ஆப், அல்லது அவர்களுடைய வலைத்தளத்தில் ரேடார் பக்கத்தை பிரவுசரில் சேமித்து வைத்துக்கொண்டாலும் போதும். அடுத்தது தாமினி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது, மின்னல் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் காட்டும், உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் விழுந்தால் எச்சரிக்கும். லொகேஷன் அனுமதி கொடுத்தால்தான் வேலை செய்யும். காற்று எந்த உயரத்தில் எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க விண்டி. இவை மூன்றும் இலவசமாகவே போதும்.

முன்னறிவிப்பைப் படிக்கத் தமிழில் ஆள் குறைவில்லை. எஸ்.ஆர். ரமணன் டிவியில் தோன்றினாலே லீவு கிடைக்குமா என்று பிள்ளைகள் எட்டிப்பார்த்த காலம் போய், இப்போது தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் மாதிரி ஆர்வலர்கள் ரேடார் படத்தையே போட்டு விளக்குகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படியுங்கள், ஆனால் அதே படத்தை நீங்களும் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு மழைக்காலம் இப்படிப் படித்தால் பாதி விஷயம் தானாகப் பிடிபட்டுவிடும்.

ரேடார் படத்தைப் படிப்பது

சென்னைத் துறைமுகத்தில் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது, பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் இன்னொன்று, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்று. பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் வரும்.

படத்தைத் திறந்ததும் முதலில் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்தான் போட்டிருக்கும், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 12:40 என்று இருந்தால் நம்மூரில் சாயங்காலம் 6:10. இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் பார்த்துவிட்டு "மழை வந்தாச்சு" என்று குடும்பக் குழுவில் போடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

அடுத்து நிறம். ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு வண்ணப்பட்டை வைத்திருக்கும், அதனால் சிவப்பா மஞ்சளா என்று பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் டிபிஇசட் எண்ணைப் பாருங்கள், மழையில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் அலை எவ்வளவு வலுவானது என்பதன் அளவு அது. 20 என்றால் தூறல். 35, 40 என்றால் உருப்படியான மழை. 50ஐத் தாண்டினால் அது இடி, காற்றோடு வருகிற முரட்டு மேகம், ஆலங்கட்டிகூட இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இந்த 50க்காரர்.

மேக்ஸ் இசட் என்று ஒரு வகைப் படம் இருக்கும், அதைப் பழகிக்கொள்ளுங்கள். நடுவில் வழக்கமான வரைபடம், அதற்கு மேல் ஓரத்திலும் வலது ஓரத்திலும் குறுகலாக இரண்டு பட்டைகள். முதல்முறை பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அவைதான் மேகத்தின் உயரம். வரைபடத்தில் ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்து, அதற்கு நேர் மேலே உள்ள பட்டையில் அது எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டரோடு நின்றுவிட்டால் அது மழை தரும், மின்னல் அவ்வளவாகத் தராது. பன்னிரண்டைத் தாண்டினால் டிரைபாடை எடுத்து வைத்துவிடலாம்.

இப்போது வேகம். ஒரே ஒரு படம் எதையும் சொல்லாது, ஒரு மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓடவிடுங்கள். உதாரணமாக, ஆறு மணிக்கு அரக்கோணத்துக்கு மேலே இருந்த சிவப்பு 6:50க்குத் திருவள்ளூருக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். நடுவே சுமார் 26 கிலோமீட்டர், அப்படியானால் மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் இன்னும் 40 சொச்சம், எட்டேகால் வாக்கில் எதிர்பார்க்கலாம். அப்படியானால் உங்கள் படம் எடுக்கும் நேரம் எட்டேகால் அல்ல, ஏழு முதல் ஏழே முக்கால் வரை. மேற்கே முழு மேகமும் மின்னிக்கொண்டு நிற்கும், உங்கள் தலைக்கு மேல் இன்னும் நட்சத்திரம் தெரியும்.

கணக்கு எப்போதும் பலிக்காது. இடிமேகங்களின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான், பழையது அழியும்போது அதிலிருந்து கீழே இறங்கி விரியும் குளிர்காற்று பக்கத்திலேயே புதியதைக் கிளப்பும். அந்தக் குளிர்காற்றின் முனை சில சமயம் ரேடாரில் மெல்லிய வில் மாதிரி ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு கடற்காற்றோடு மோதுகிற இடத்தில் கண் வையுங்கள், அடுத்த மேகம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும். பூந்தமல்லிவரை வந்து செத்துப்போன மழை திடீரென்று தாம்பரத்தில் பிறப்பது இப்படித்தான்.

ரேடாருக்கும் கண் மறையும் இடங்கள் உண்டு. பூமி வளைவதால், 200 கிலோமீட்டர் தள்ளி அதன் ஆகத் தாழ்வான கதிரே தரையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் போகும், அதற்குக் கீழே நடப்பது தெரியாது. ரேடாருக்கு நேர் மேலேயும் தெரியாது. பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ் பேண்ட் வகை, அதாவது குறுகிய அலைநீளத்தில் வேலை செய்வது, பக்கத்தில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் பலத்த மழைக்குப் பின்னால் இருப்பது அதற்கு மங்கிவிடும். அதில் பின்பக்கம் காலியாகத் தெரிந்தால் துறைமுக ரேடாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணால் படிப்பது

ரேடார் புதுப்பிப்பதற்குள் மேகம் மாறிவிடும், அதனால் வெளியே பார்க்கவும் பழக வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் ஓரம் காலிஃபிளவர் மாதிரி வெட்டினாற்போல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் உச்சி மட்டும் மழுங்கி, நார் நாராகக் கலைந்து, தட்டையாக ஒரு பக்கம் விரிய ஆரம்பிக்கும். உச்சி பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தம், மின்னல் கட்டம் தொடங்கிவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இருபது நிமிடத்தை டைம்லாப்ஸ் வைத்து எடுங்கள், நீங்களே அசந்துபோவீர்கள்.

மேகத்தின் அடியில் தாழ்வாக, நீளக் கரை கட்டினதுபோல ஒரு கருப்புப் பட்டை உங்களைப் பார்த்து வருகிறதா? படம் எடுப்பவர்கள் ஷெல்ஃப் கிளவுட் என்று அதைத்தான் தேடி அலைவார்கள். இது ஒன்றுக்குத்தான் அல்ட்ராவைடு லென்ஸ் வேண்டும், சாதாரண லென்ஸில் அடங்காது. அது வருகிறது என்றால் காற்றும் கூடவே வருகிறது, மிஞ்சிப்போனால் ஐந்து பத்து நிமிடம். புழுக்கம் சட்டென்று நின்று, சில்லென்று காற்று திரும்பி, மண்வாசனை வந்துவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் முடிந்துவிட்டது, உள்ளே போய்விடுங்கள்.

பகல் வெளிச்சத்தில்

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும், நம் கடற்கரைப் புழுக்கத்தில் இது கட்டாயம் நடக்கும். பத்து நிமிடம் முன்னாலேயே போனை வெளியே வைத்துவிடுங்கள். லென்ஸைப் பனியன் துணியால் துடையுங்கள், கைரேகை எண்ணெய் இருந்தால் ராத்திரியில் ஒவ்வொரு விளக்கும் கோடு கோடாக இழுக்கும்.

மேகத்தின் வெளுத்த பகுதியைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். போன் தானாக எடுத்தால் கருமேகத்தை வெளுத்துக் காட்டிவிடும், கண்ணுக்குத் தெரிந்த பயங்கரம் படத்தில் இருக்காது. ஜூம் செய்யாதீர்கள், தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இல்லாத போனில் அது வெறும் வெட்டிப் பெரிதாக்கும் வேலை.

சட்டத்துக்குள் ஏதாவது ஒன்று நிற்கட்டும், பனைமரம், தண்ணீர்த் தொட்டி, கோபுரம், கலங்கரை விளக்கம், எதுவானாலும் சரி. வெறும் மேகத்தை எடுத்தால் அதன் பிரம்மாண்டம் பார்க்கிறவருக்குப் பிடிபடாது. சாயங்காலம் மேற்கு வெயில் இருக்கும்போது கிழக்கே கடல் மேல் மேகம் நின்றால் அது ஆரஞ்சும் ரோஜாவுமாக மாறும், வானவில்லும் அந்தப் பக்கம்தான் வரும், ஏனென்றால் வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம். எல்லாரும் சூரியன் மறைவதை எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

மின்னலுக்கு

மின்னலைப் பார்த்ததும் பட்டனைத் தட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைப்பது வீண். கை அசைவதற்குள் அது முடிந்திருக்கும். இரண்டு வழிதான் உண்டு.

ஒன்று வீடியோ. புதியவர்கள் இதிலேயே ஆரம்பியுங்கள். 4கே வைத்து, தூரத்துத் தெருவிளக்கையோ செல்போன் டவரின் சிவப்பு விளக்கையோ தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவிட்டு ஓடவிடுங்கள். ஃபோகஸைப் பூட்டாவிட்டால் இருட்டில் போன் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், சரியாக மின்னல் வெட்டும்போது எல்லாம் மங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மின்னல் விழாத துண்டை உடனே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் 4கே வீடியோ நினைவகத்தைத் தின்றுவிடும். பிறகு வீடியோவை மெல்ல நகர்த்தி, நல்ல ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், திரையின் தரம்தான் கிடைக்கும். கூகுள் போட்டோஸ் மாதிரி ஆப்களில் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை மட்டும் படமாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, 4கே என்றால் அது சுமார் 8 மெகாபிக்சல் படம், பகிர்வதற்குத் தாராளம். சில ஃபிரேமில் படத்தின் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி இருட்டாகவும் இருக்கும். போன் கெட்டுவிடவில்லை, சென்சார் வரி வரியாகப் படிப்பதால், நடுவில் மின்னல் வந்துபோனால் அப்படித்தான் விழும். தெருவிளக்கு வீடியோவில் துடித்தால், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், புரோ வீடியோவில் ஷட்டரை 1/50 நொடி வையுங்கள்.

இன்னொன்று நீண்ட எக்ஸ்போஷர், அதாவது பல நொடி வெளிச்சத்தை ஒரே படத்தில் சேர்ப்பது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் செட்டிங்கைக் கையால் மாற்றும் புரோ மோடு இருக்கும், ஐபோனில் தனி ஆப் போட வேண்டும், அல்லது அதன் நைட் மோடையே டிரைபாடில் வைத்துப் பயன்படுத்தலாம், அசையாமல் இருந்தால் அதுவே 30 நொடி வரை போகும். புரோ மோடில் ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 50 அல்லது 100, ஷட்டர் 4 முதல் 8 நொடி, ஃபோகஸை கையால் நகர்த்தி மலைப்படம் இருக்கும் முனைக்கு. சில போன்களில் அந்த முனையைத் தொட்டால் கொஞ்சம் தாண்டிவிடும், தூரத்து விளக்கு கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிளாஷை அணையுங்கள், இரண்டு நொடி டைமர் வையுங்கள், ஆர்.ஏ.டபிள்யூ (போன் மெருகேற்றாத மூலப் படம்) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று தட்டிக்கொண்டே இருப்பதுதான். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவை, மாற்ற முடியாது என்பதால், மின்னல் கிட்டே வந்து படம் வெளுத்துப்போனால் ஐ.எஸ்.ஓவைத்தான் குறைக்க வேண்டும், ஷட்டரைக் குறைத்துப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் மின்னல் நொடியில் ஒரு துளி நேரம்தான் இருக்கிறது. அப்படி வெளுக்க ஆரம்பித்தால் அது இன்னொன்றையும் சொல்கிறது: மேகம் கிட்டே வந்துவிட்டது.

உள்ளே போகும் நேரம்

மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள், இடி கேட்கும்வரை. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டுவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தெருவிலேயே விழலாம், மொட்டைமாடி, பால்கனி எல்லாவற்றிலிருந்தும் இறங்கி உள்ளே வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறாதீர்கள். "மழை விட்டுடுச்சே" என்று ஏறுகிற அந்த நேரத்திலும் மின்னல் விழும்.

உள்ளிருந்து எடுக்கலாம், சாத்திய ஜன்னல் கண்ணாடியில் லென்ஸை ஒட்டி வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டால் பிரதிபலிப்பு வராது. இரும்புக் கிராதியில் கை வைக்காதீர்கள். செல்போனில் பேசினால் இடி விழும் என்று பாட்டி சொல்வது உண்மையில்லை, போன் மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜரில் செருகிய போன் சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கிறது, அதைக் கழற்றிவிடுங்கள். வெளியில் மாட்டிக்கொண்டால் கூரை மூடிய கார் பரவாயில்லை. ஆட்டோ, பைக், மரத்தடி, திறந்த மைதானம், கடற்கரை எதுவும் வேண்டாம்.

போன் நனைந்தால் திரை தானாகத் தொட்டுக்கொள்ளும், வால்யூம் பட்டனை ஷட்டராகப் பயன்படுத்துங்கள். ஐபி68 என்பதெல்லாம் நல்ல தண்ணீரில் சோதித்த சான்று, கடல் உப்புச் சாரலுக்கு அல்ல. ஜிப் கவரில் போட்டு எடுங்கள், சார்ஜ் ஓட்டை காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

புயல் என்றால் வேறு கதை

வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகிவிட்டால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. இடிமேகத்தைத் தள்ளி நின்று பார்க்கலாம், புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், அதற்கு "தள்ளி" என்பதே கிடையாது. அதைப் படம் எடுக்கப் போகிறோம் என்று பட்டினப்பாக்கத்துக்கும் காசிமேட்டுக்கும் கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அலை எங்கே ஏறும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது, போலீஸ் தடுப்பு போடுவது சும்மா இல்லை. போதாததற்கு, புயல் நாம் படம் எடுக்கத் தோதான நேரத்தில் வருவதில்லை: 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது நள்ளிரவுக்கு மேல்.

வீட்டுக்குள் இருந்தே புயலைத் தொடர இரண்டு வழி சொல்கிறேன், இரண்டுக்கும் போன் மட்டும் போதும்.

முதலாவது காற்றின் திசை. திசைகாட்டி ஆப்பைத் திறந்து, காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி நில்லுங்கள். புயலின் மையம் உங்கள் இடது கைப்பக்கம். நம் பாதிக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் இது எப்போதும் பொருந்தும். மணிக்கு ஒருமுறை ஜன்னலோரத் தென்னையைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்காக இருந்தது கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கரையேறுகிறது. வடக்கு, வடமேற்கு என்று திரும்பினால் உங்களைத் தாண்டி வடக்கே போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால் அது நேராக உங்களைத்தான் பார்த்து வருகிறது.

இரண்டாவது காற்றழுத்தம். ஐபோன்களிலும் விலை கூடிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் பாரோமீட்டர் சென்சார் இருக்கிறது, பாதிப்பேருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பாரோமீட்டர் ஆப் போட்டுக்கொண்டு பாருங்கள், கடற்கரையில் சாதாரணமாக 1010 ஹெக்டோபாஸ்கல் வாக்கில் காட்டும். ஆனால் நம் ஊர்களில் அழுத்தம் புயல் இல்லாத நாளிலும் ஏறி இறங்கும், காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு, விடியற்காலை நாலு வாக்கில் தாழ்வு, நடுவே மூன்று நாலு வித்தியாசம். அதனால் மதியம் இறங்குவதைப் பார்த்துப் பதறக் கூடாது. நேற்று இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிட ஐந்தாறு குறைந்து, இன்னும் இறங்கிக்கொண்டே போனால் மையம் நெருங்குகிறது. ஏற ஆரம்பித்தால் விலகுகிறது. அளக்கும்போது ஒரே மாடியில் இருங்கள், பத்து மாடி ஏறினாலே மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறையும்.

காற்று சட்டென்று நின்றுவிட்டால் ஏமாறாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்குப் பக்கத்தில் கரையேறியபோது, புயலின் கண் கடந்த நேரத்தில் காற்று அடங்கியது, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது. அந்த இடைவேளையில் பாரோமீட்டர் ஆகக் குறைந்த எண்ணைக் காட்டும், அதைப் பார்த்தால் கதை முடியவில்லை என்று தெரிந்துவிடும். விழுந்த மரத்தைப் படம் எடுக்கத் தெருவில் இறங்க அது நேரம் இல்லை.

வானிலைத் துறையின் பாதை வரைபடத்தில் நடுக்கோட்டை மட்டும் பார்ப்பது இன்னொரு பொறி. கோட்டைச் சுற்றி விரியும் கூம்பு, மையம் போகக்கூடிய எல்லை. மழை அந்தக் கூம்புக்கு வெளியேயும் கொட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவில் பாபட்லா பக்கம், மூழ்கியது சென்னை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றதால் அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று வேகத்தை வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே இல்லை. ஆகவே புயலின் வகை என்ன என்பதைவிட அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று கேளுங்கள். விண்டியில் ஒரு வாரத்துக்கு அப்பால் தெரியும் சுழலைப் படம் பிடித்துப் பரப்புவதையும் விட்டுவிடுங்கள், கணினிக் கணிப்பின் அடுத்த ஓட்டத்தில் அது வேறு இடத்தில் இருக்கும், இல்லாமலும் போகும்.

படத்துக்கு வேண்டியது முந்தின நாளிலேயே கிடைக்கும். தாழ்வான மேகத் துண்டுகள் கடலிலிருந்து வேகமாக ஓடும், நடுவே வெயிலும் அடிக்கும், மேலே மென்மேகம் மெல்ல நகரும். ஜன்னலில் வைத்து ஒரு மணி நேர டைம்லாப்ஸ் எடுத்தால் இரண்டு அடுக்கும் இரண்டு திசையில் போவது தெரியும். கரண்ட் முன்கூட்டியே போகும், டவரும் போகலாம், அதனால் பவர் பேங்கை நிரப்பி வையுங்கள், படம் எடுப்பதற்காகப் பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டையும் போனிலும் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வெள்ளத்தை எடுக்க இறங்கினால் சுரங்கப்பாதைப் பக்கமும், தண்ணீரில் நிற்கும் ஈபி பில்லர் பாக்ஸ் பக்கமும் வேண்டாம், அறுந்த கம்பியும் திறந்த சாக்கடை மூடியும் தண்ணீருக்கடியில் தெரியாது.

பகிரும்போது

ஒவ்வொரு புயலுக்கும் பழைய வீடியோக்கள் புதுப் பெயரில் சுற்றும். உங்களுடையது அதில் சேராமல் இருக்க, படத்தோடு தேதி, நேரம், நின்ற ஊர், பார்த்த திசை நான்கையும் எழுதுங்கள்: "தாம்பரம், மேற்கு நோக்கி, இரவு 7:25" என்று இருந்தாலே போதும். ரேடார் பார்க்கிற ஆர்வலர்களுக்கு அது பெரிய உதவி, அந்த நேரத்துப் படத்தோடு ஒப்பிட்டு எந்த மேகம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே நேர ரேடார் படத்தை நீங்களும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டால், எந்த உயர மேகம் எப்படித் தெரிந்தது என்று அடுத்த சீசனுக்குக் கைவசம் கணக்கு இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படத்துக்குள் பதிந்த லொகேஷனும் கூடவே போகும். வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்ததைத் தெரியாதவர்களுக்கு அனுப்புவதாக இருந்தால், கேலரியில் அந்தப் படத்தின் விவரங்களைத் திறந்து லொகேஷனை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.